முகூர்த்தத்துக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் பார்த்துக்கொள்வதா? முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது போட்டோகிராபர் அனுப்பும் கேள்வித்தாளில் ‘ஃபர்ஸ்ட் லுக் வேண்டுமா?’ என்று ஒரு வரி இருக்கும். மற்ற கேள்விகளுக்கெல்லாம் மளமளவென்று பதில் எழுதிவிடும் குடும்பம் இந்த ஒரு வரியில் மாட்டிக்கொள்ளும். “தாலி ஏறுறதுக்கு முன்னாடி என்ன பார்வை வேண்டிக்கிடக்கு” என்பார் பாட்டி. பெண்ணின் தோழிகள் நாலு வீடியோ அனுப்புவார்கள். மாப்பிள்ளை “எதுவானாலும் எனக்கு ஓகே” என்று நழுவுவார்.

வெளிநாட்டுச் சர்ச் கல்யாணங்களில், மணப்பெண் நடுவழியில் நடந்து வரும்வரை கல்யாண உடையில் அவளை மாப்பிள்ளை பார்க்கக் கூடாது என்பது பழைய வழக்கம். அங்கே படம் எடுப்பவர்கள், சடங்குக்கு முன்பே இருவரையும் தனியே ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்கவைக்கும் ஏற்பாட்டைப் பரப்பினார்கள். அதுதான் ஃபர்ஸ்ட் லுக். நம் ஊரிலோ பெரும்பாலான கல்யாணங்களில் முதல் நாள் மாலையே ரிசப்ஷன். மூன்று மணி நேரம் இருவரும் ஒரே மேடையில் நின்று மொய்க் கவர் வாங்குகிறார்கள். அப்புறம் ‘கல்யாணத்துக்கு முன் பார்க்கவே கூடாது’ என்பதில் மிச்சம் இருப்பது ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஏழு மணிவரைதான்.

ஆகவே பார்க்கலாமா கூடாதா என்று விவாதம் நடத்துவதில் பயனில்லை. எந்தப் பார்வையை முதல் பார்வையாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், எந்தப் புடவையில், எந்த இடத்தில், யார் முன்னால் என்பதைத்தான் தீர்மானிக்க வேண்டும். அது முடிவானால் மற்றதெல்லாம் நேரக் கணக்குத்தான்.

உங்கள் கல்யாணத்தின் அமைப்பு எது?

முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம்: எங்கள் பரிந்துரை, ரிசப்ஷனுக்கு முன் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், காலை முகூர்த்தக் கோலத்தை மணவறைக்கு விட்டுவிடுங்கள். ரிசப்ஷனில் எப்படியும் நூறு பேர் நடுவில் பார்க்கத்தான் போகிறீர்கள். அதற்குப் பதில் சற்று முன்பே ஆளில்லாத இடத்தில் பார்ப்பதால் எதுவும் கெடாது. முகம் களைப்பதற்கு முன் நல்ல ஜோடிப் படங்களும் கிடைத்துவிடும். வரிசை முடிந்து பத்தரை மணிக்கு எடுக்கும் படத்தில் எல்லாருக்கும் கண் சொருகியிருக்கும்.

காலை முகூர்த்தம், அன்று மாலையோ வேறொரு நாளோ ரிசப்ஷன்: மணவறைப் பார்வைதான் உண்மையிலேயே முதல் பார்வை. அதைக் கெடுக்காதீர்கள். ஜோடிப் படங்களை மாலைக்குத் தள்ளலாம்.

பிரம்ம முகூர்த்தம், அதாவது 4.30 முதல் 6 மணிக்குள் தாலி: முன்கூட்டிப் பார்க்கும் யோசனையையே விட்டுவிடுங்கள். பெண் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு மேக்கப்புக்கு உட்கார வேண்டிவரும். தூக்கம் போகும், வெளிச்சமும் இருக்காது.

ஒரே நாளில், கோயிலில் கல்யாணம்: கோயில் மண்டபத்தில் அடுத்தடுத்து முகூர்த்தங்கள் இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது குறைந்த நேரம். பார்த்துக்கொள்வதென்றால் தங்கியிருக்கும் லாட்ஜிலேயே முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

சடங்கில் பார்வைக்கு எங்கே இடம் இருக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுப்பவர்கள்தான் பின்னால் வருத்தப்படுகிறார்கள். சில வீட்டு முறைகளில் முதல் பார்வைக்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் தெலுங்கு பேசும் பல குடும்பங்களில் முகூர்த்த வேளைவரை இருவருக்கும் நடுவில் திரை பிடிப்பார்கள். சரியான நேரத்தில் வெற்றிலையில் வைத்த சீரகமும் வெல்லமும் சேர்த்த விழுதை ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள், திரை விலகும். இப்படிப்பட்ட வீட்டில் அன்று காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் பார்த்துவிட்டு வந்து திரைக்கு இந்தப் பக்கம் உட்காருவது, பிடித்த திரைக்கு அர்த்தமில்லாமல் செய்துவிடும். முதல் நாள் ரிசப்ஷன் இருந்தாலும் காலைக் கோலத்தைத் திரைக்கே விடுங்கள்.

ஆபஸ்தம்ப சூத்திரம் என்ற சடங்கு நூலைப் பின்பற்றும் பிராமண வீடுகளில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து மந்திரம் சொல்லும் கட்டமே உண்டு. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்துக் கல்யாண சூக்தத்தில் வரும் ‘அகோர சக்ஷு:’ மந்திரம் அப்போது சொல்லப்படுகிறது. மேடையில் ஆள் நெரிசலிலும் மேளச் சத்தத்திலும் இது கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துபோகும். மாப்பிள்ளை அப்போது வாத்தியாரின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்கூட்டியே சொல்லிவைத்தால் வாத்தியார் அங்கே அரை நிமிடம் நிறுத்துவார். போட்டோகிராபருக்கும் சைகை காட்டுவார். தனியாக ஃபர்ஸ்ட் லுக் ஏற்பாடு செய்வதைவிட இது நல்லது என்றே சொல்வோம். ஆனால் இதே வீடுகளில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் எல்லாம் தாலிக்கு முன்பே வந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. மாமாக்கள் தோளில் தூக்கி மாலை மாற்றும்போதே இருவரும் பார்த்தாயிற்று. ஆகவே இங்கே ஒளித்துவைக்கும் நேரம் காசி யாத்திரை முடியும் வரைதான். மாலை மாற்றும்போது கட்டிய புடவையில் பார்த்தாயிற்று என்றாலும் கூறைப் புடவைக் கோலம் இன்னும் பாக்கி இருக்கிறது.

மற்ற பல சமூகங்களில் மாப்பிள்ளை முதலில் மணவறையில் உட்காருவார். பெண்ணை ஒரு புடவையில் அழைத்து வருவார்கள். தட்டில் கூறைப் புடவையை ஆசீர்வதித்துக் கொடுப்பார்கள். பெண் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகு தாலி. இங்கே பெண் இரண்டு தடவை மணவறைக்கு வருகிறாள். இரண்டாவது வருகைதான் கனமானது. கூறையும் மாலையும் சேர்ந்து முழுக் கோலம் அப்போதுதான் அமைகிறது. முன்னாடியே பார்த்தே தீர வேண்டும் என்று தோன்றினால் முதல் புடவையில் பாருங்கள். கூறையைத் தொடாதீர்கள். அதை ஆசீர்வாதத்துக்கு முன் கட்டச் சொல்வது படத்துக்காகக்கூடச் சரியில்லை. எந்த வீட்டிலும் சண்டை வரும்.

கிறிஸ்தவக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பீடத்தருகே காத்திருக்க, பெண் தந்தையோடு நடந்து வருவதே பார்வைக் கட்டம். அதை மாற்றாமல், தனிப் படங்களைச் சர்ச்சுக்கும் ரிசப்ஷன் ஹாலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் எடுக்கலாம். முஸ்லிம் வீடுகளில் நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்தால் பெண் பெரும்பாலும் அங்கே இருக்க மாட்டார். ஒப்பந்தம் முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கோ மண்டபத்துக்கோ வரும்போதுதான் சந்திப்பு. அந்தச் சந்திப்புக்கு ஒரு தனி அறையும் பத்து நிமிடமும் ஒதுக்கினால் போதும். சுயமரியாதைத் திருமணத்தில் இந்தப் பிரச்சினையே எழாது.

புரோகிதரிடம் கேட்க வேண்டிய நாலு கேள்வி

நாள் குறிக்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள். பெண் முதலில் எந்தக் கட்டத்தில் மேடைக்கு வருவார்? பக்கவாட்டு அறையிலிருந்தா, ஹால் வழியாகவா? கூறை கொடுத்த பிறகு மாற்றிக்கொண்டு வர எத்தனை நிமிடம் கொடுப்பீர்கள்? தாலிக்கு முன்பே இருவரும் மேடையில் எதிரெதிரே நிற்கும் கட்டம் ஏதாவது இருக்கிறதா?

“பார்க்கலாமா சாமி?” என்று மட்டும் கேட்காதீர்கள். பாதிப் பேர் “தாராளமா” என்பார்கள், பாதிப் பேர் “எதுக்கு?” என்பார்கள். இரண்டு பதிலும் திட்டம் போட உதவாது.

மணவறையில்தான் முதல் பார்வை என்று முடிவானால்

சும்மா ஒளிந்திருந்தால் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விட்டால் நடப்பது இதுதான்: மணமகள் அறைக் கதவு மேடையின் பக்கவாட்டில் திறக்கும். முன்னால் நாலு சுமங்கலிகள் தட்டோடு, பின்னால் அத்தைகள், நடுவில் குனிந்த தலையோடு பெண். மாப்பிள்ளை ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். திரும்பிப் பார்த்தால் வீடியோக்காரரின் முதுகு. பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகு, வாத்தியார் “கையை நீட்டுங்கோ” என்றதும்தான் தெரியும். ஒன்பது மணி நேரம் காத்ததெல்லாம் வீண்.

இதற்கு மருந்து வழியை மாற்றுவது. பெண் பின்பக்கமாக வெளியே போய், ஹாலின் முகப்பு வாசல் வழியாக நடுநடையில் வரட்டும். மணவறையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை ஹாலைப் பார்த்துத்தான் இருப்பார். ஐம்பது அறுபது அடி தூரத்திலிருந்தே வருவது தெரியும். தட்டு ஏந்துபவர்கள் பெண்ணுக்கு நேர் முன்னால் போகாமல் இரண்டு பக்கமும் பிரிந்து, ஆறடி முன்னதாக நடக்க வேண்டும். மேடைப் படிக்கட்டில் ஒரு கேமரா மட்டும். அதுவும் ஓரத்தில், மண்டியிட்டு. இன்னொன்று மாப்பிள்ளையின் முகத்துக்கு. மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் உறவினர்களை மூன்று நிமிடம் கீழே இறக்கிவிட ஒரு பெரிய மாமா தேவை. சின்னப் பையன்கள் சொன்னால் யாரும் இறங்க மாட்டார்கள்.

வாசலிலிருந்து மேடைவரை நடக்க ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகும். நாதஸ்வரக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். அவர் ஒரு உருப்படியைத் தயாராக வைத்திருப்பார். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு, மேடையில் மேளம் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டும் கெடும்.

அடுத்தது எல்இடி திரை. மண்டபத்தில் மேடையின் இரு பக்கமும் பெரிய திரை வைத்து நேரலை ஓட்டுகிறார்கள். மணமகள் அறையில் நிற்கும் கேமராவின் காட்சியையும் காட்சிகளை மாற்றிப் போடும் வீடியோ மிக்சரில் இருப்பவர் பழக்கத்தில் திரைக்கு ஏற்றிவிடுவார். மணவறையில் இருக்கும் மாப்பிள்ளை, பெண் கதவைத் தாண்டுவதற்கு முன்பே எட்டடி உயரத்தில் அவளைப் பார்த்துவிடுவார். ‘பெண் வரும்வரை மேடைக் கேமராவை மட்டும் போடுங்கள்’ என்று மிக்சர் ஆளிடமே நேரில் சொல்லுங்கள். போட்டோகிராபரிடம் சொன்னால் போய்ச்சேராது, ஏனென்றால் பல நேரம் எல்இடி வேறு ஆளின் வாடகை.

போன் இதைவிட மோசம். மேக்கப் முடிந்ததும் மேக்கப் ஆர்ட்டிஸ்ட் தன் கணக்கில் ஸ்டோரி போடுவார். சித்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செல்ஃபி போடுவார். அந்தக் குழுவில் மாப்பிள்ளையும் இருப்பார். தாலி கட்டிய பிறகே போட வேண்டும் என்று மேக்கப் ஆர்ட்டிஸ்டிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உறவினர்களுக்கு முந்தின நாள் இரவு ஒரு செய்தி போதும். மாப்பிள்ளையின் போனை காலை நாலு மணிக்கே தோழனிடம் கொடுத்துவிடுவது எல்லாவற்றையும்விட எளிது.

அறைகளையும் கவனியுங்கள். பல மண்டபங்களில் மணமகன் அறையும் மணமகள் அறையும் ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிரே இருக்கும். மண்டபம் பார்க்கப் போகும்போதே சாவி வாங்கித் திறந்து பாருங்கள்: குளியலறை உள்ளேயே இருக்கிறதா, வெந்நீர் வருகிறதா, பின்பக்கப் படி இருக்கிறதா. குளியலறை பொதுவென்றால் விடியற்காலை மூன்றரை மணிக்கு ஈரத் தலையில் துண்டோடு ‘முதல் பார்வை’ நடக்கும். மாற்றாக, மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து லாட்ஜில் தங்கி நேராக மணவறைக்கு வரலாம். டிபனும் அவரவர் அறைக்கே வரட்டும். பந்தியில்தான் நிறையப் பேர் எதிர்ப்படுகிறார்கள்.

முன்னாடியே பார்ப்பதென்றால்

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். 7.30 – 9 முகூர்த்தம், காலையிலேயே பார்ப்பது என்று வைத்துக்கொள்வோம்:

3.00 – பெண் எழுந்து தலைக்குக் குளித்தல்
3.30 – முடி உலர்த்தல், மேக்கப் (ஒன்றே முக்கால் மணி)
5.15 – தலை அலங்காரம், ஜடை
5.50 – புடவை (மடிசார் என்றால் பத்து நிமிடம் கூடுதல்)
6.10 – நகை, கடைசியாகப் பூ
6.30 – பார்வை, பத்து நிமிடம்
6.40 – ஜோடிப் படம், பதினைந்து நிமிடம்
7.00 – இருவரும் அறைக்கு; மேக்கப் ஒற்றி எடுத்தல்
7.10 – மாப்பிள்ளை மணவறைக்கு

முன்கூட்டிப் பார்ப்பது இல்லையென்றால் பெண் அரை மணி கூடுதலாகத் தூங்கலாம். அந்த அரை மணிதான் இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை. முதல் நாள் பத்தரை வரை நின்ற பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை.

சூரியனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சென்னையில் தை மாதக் கடைசியில் சூரியன் உதிக்கவே ஆறரை தாண்டும், வைகாசியில் 5.45க்கே உதித்துவிடும். அதனால் மேலே உள்ள 6.30 கணக்கு வைகாசியில் மொட்டை மாடியில் அழகாக நடக்கும், தையில் அரைகுறை வெளிச்சத்தில் நடக்கும். தை, மாசித் தொடக்கத்துக் கல்யாணம் என்றால் உள்ளே, சன்னலோரம், விளக்கு வைத்துத்தான் எடுக்க முடியும். போட்டோகிராபர் இரண்டு லைட் கூடுதலாகக் கொண்டுவர வேண்டும்.

இதனால்தான் முதல் நாள் மாலையைச் சொன்னோம். சென்னையில் கார்த்திகையில் 5.40க்கே அஸ்தமனம், ஆனியில் 6.35 தாண்டும். கோவைப் பக்கம் இதைவிடப் பத்து நிமிடத்துக்கு மேல் தள்ளி. அஸ்தமனத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் வெயில் இறங்கி, தோலுக்கு நல்ல நிறம் தரும் நேரம். ரிசப்ஷன் 6.30க்கு என்றால் கார்த்திகையில் 4.40க்கும், ஆனியில் 5.15க்கும் பார்வையை வையுங்கள்.

இங்கே மூன்று முட்டுக்கட்டைகள் இருக்கின்றன.

ஒன்று, ராகுகாலம். ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலம். திங்கள் முகூர்த்தம் என்றால் ரிசப்ஷன் ஞாயிறு. நல்ல வெளிச்சம் முழுக்க ராகுகாலத்தில் போய்விடும். நீங்கள் ராகுகாலம் பார்க்காவிட்டாலும் பெரியவர்கள் பார்ப்பார்கள். நாலு மணிக்கே முடித்துவிடுங்கள், அல்லது ஆறு மணிக்கு மேல் உள்ளே விளக்கு வெளிச்சத்தில் வையுங்கள். செவ்வாயன்று ராகுகாலமும் வெள்ளியன்று எமகண்டமும் 3 முதல் 4.30 வரை, அந்த நாட்களில் அஸ்தமன நேரத்துக்குப் பிரச்சினையில்லை.

இரண்டு, மண்டபச் சாவி. பல மண்டபங்கள் மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் சாவி தருகின்றன. 4.40க்குப் பெண் தயாராக இருக்க வேண்டுமானால் மேக்கப் இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டும். வீட்டிலோ லாட்ஜிலோ மேக்கப் போட்டுக்கொண்டு வருவதுதான் வழி. முன்னதாகச் சாவி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள். முந்தின நாள் வேறு கல்யாணம் இருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காது.

மூன்று, மாப்பிள்ளை அழைப்பு. அழைப்பு உள்ள வீடுகளில், கோயிலிலிருந்து ஊர்வலமாக வந்து, வாசலில் ஆரத்தி எடுத்த பிறகுதான் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் கால் வைப்பார். அதற்கு முன் அவரை மண்டபத்தின் தோட்டத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தால் அழைப்புக்கே பொருளில்லை. லாட்ஜ் வளாகம் மாதிரி வேறு இடத்தில் வைக்க வேண்டும்; அல்லது அழைப்பு முடிந்து ரிசப்ஷன் மேடை ஏறுமுன் இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும். இரண்டாவது ஏற்பாட்டில் பெண் அழைப்பு நேரத்திலேயே தயாராக அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்குக் காபியும் ஏதாவது சாப்பிடவும் அனுப்ப மறந்துவிடுவார்கள். மூன்று மணி நேரம் மேடையில் நிற்கப்போகிறவள், பார்வைக்கு முன்பே இட்லியோ சப்பாத்தியோ சாப்பிட்டிருக்க வேண்டும். லிப்ஸ்டிக்கைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இடம் தேர்வு செய்யும்போது இருபது இருபத்தைந்து அடி நீளம் போதும். மாப்பிள்ளை திரும்பி நிற்க, பெண் பின்னாலிருந்து நடந்து வருவாள். ஒரு கேமரா மாப்பிள்ளையின் முகத்தில், தூரத்திலிருந்து. ஒன்று பெண்ணின் தோளுக்குப் பின்னால். வீடியோ ஆள் ஒருவர். அவ்வளவுதான், வேறு யாரும் வேண்டாம். ட்ரோன் வேண்டவே வேண்டாம்: சத்தத்தில் பேச்சு கேட்காது, பூவும் முந்தானையும் பறக்கும். வெறுந்தரையா, புல்லா என்று பாருங்கள். காலை ஈரப் புல்லில் பட்டுப் புடவையின் கரை நனைந்து கறை பிடிக்கும். ஒரு பாய் விரித்தாலே தீர்ந்துவிடும்.

மாலையைக் கழுத்தில் போட வேண்டாம். அது சடங்குக்கு உரியது, கனத்தில் தோள் மடிப்பும் கலையும். மல்லிகைப் பூவை ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் ஐஸ் நேரடியாகப் படாமல் வைத்து, கடைசியில் வையுங்கள். மைதீட்டியிருந்தால் கலையாத வகை மையா என்று கேளுங்கள். அழுகை வந்தால் துடைக்கக் கூடாது; மடித்த டிஷ்யூவால் ஒற்ற வேண்டும். மாப்பிள்ளை பாக்கெட்டில் இரண்டு டிஷ்யூ இருக்கட்டும். பெரும்பாலும் அழுபவர் அவர்தான்.

போட்டோகிராபரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: “எது நடக்குதோ அதை எடுங்க, திரும்பச் செய்யச் சொல்லாதீங்க.” தோளைத் தட்டு, கண்ணை மூடு, வாயைப் பொத்து என்று இயக்க ஆரம்பித்தால் நாலு வருடம் பழகிய ஜோடிகூட நடிக்கத் தொடங்கிவிடும். ஆல்பத்தில் அது பளிச்சென்று தெரியும்.

வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது

மறுப்பு சொல்பவரிடம் எதற்கு மறுக்கிறார் என்று கேட்டால் பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். நலங்கு வைத்து, காப்புக் கட்டிய பிறகு வெளியே போகக் கூடாது என்பது ஒரு வகை. அந்த வீட்டில் கடற்கரை, ரிசார்ட் என்று திட்டம் போடாதீர்கள். மண்டபத்துக்குள்ளேயே வைத்தால் ஒப்புக்கொள்வார்கள். திருஷ்டி என்பது இன்னொரு வகை. முடிந்ததும் பூசணிக்காயோ எலுமிச்சையோ சுற்றிப் போட அவரையே பொறுப்பாக்குங்கள். கூடவே ஆதரவும் கிடைக்கும். மூன்றாவது, வாய்விட்டுச் சொல்லாதது: தாலிக்கு முன் இருவரும் தனியாக நிற்பது. பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, தனிமையில்தான். பெண்ணின் அத்தையோ மாப்பிள்ளையின் அக்காவோ பதினைந்தடி தள்ளி நிற்கட்டும்.

இதை எல்லாம் பெண் வீட்டிலிருந்து ஒருவர், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் என்று பேசி முடிப்பது நல்லது. பெண்ணே நேராக மாமியாரிடம் “நாங்க ஃபர்ஸ்ட் லுக் வெச்சுக்கறோம்” என்று சொல்லப்போய், கல்யாணத்துக்கு முன்பே ஒரு மனத்தாங்கலை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. மாப்பிள்ளை தன் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இருவரில் ஒருவருக்கு வேண்டும், ஒருவருக்கு வேண்டாம் என்றால் பார்க்காமல் இருப்பதே சரி. வேண்டும் என்றவருக்கு மணவறை நுழைவை நன்றாக அமைத்துக்கொடுக்கலாம். வேண்டாம் என்றவரிடம் பார்த்துவிட்ட பார்வையைத் திரும்ப எடுக்க முடியாது. அதே நேரம், படபடப்பு அதிகமுள்ளவர், கூட்டத்தில் மயக்கம் வருபவர், முந்தைய நாட்களில் வீட்டுச் சண்டையில் நொந்துபோனவர் என்றால் நாங்கள் முன்கூட்டிப் பார்ப்பதையே சொல்வோம். படமே எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. மணவறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டியவருக்கு ஐந்து நிமிடம் பேசிக்கொள்வது பெரிய தெம்பு.

எங்கே சறுக்கும்

பெரும்பாலும் மேக்கப்பில். ஒன்றே முக்கால் மணி என்று சொன்னது இரண்டே கால் மணியாகும், ஏனென்றால் நடுவில் அம்மா, சித்தி, தங்கைக்கும் ‘லேசாக’ போடச் சொல்வார்கள். குடும்பத்தினருக்கு உதவியாளர் தனி, பெண்ணுக்கு ஆர்ட்டிஸ்ட் தனி என்று முதலிலேயே பேசுங்கள். ட்ரையல் அன்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். அவர் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள்.

அடுத்து, ரவிக்கைக் கொக்கியும் ஒட்டியாணமும். பார்வை நேரத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒட்டியாணம் இடுப்பில் பொருந்தவில்லை என்று தெரியவரும். நூல், ஊசி, சேஃப்டி பின் இரண்டு டஜன், ஒட்டியாணத்துக்கு நாடா – இவை மணமகள் அறையில் ஒரு டப்பாவில் இருக்க வேண்டும். வாடகை நகை என்றால் முந்தின நாளே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

மழை. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில் வெளி இடத்தை நம்பி மட்டும் திட்டம் போட்டால் அன்று மாலை ஒன்றும் நடக்காது. மண்டபத்தின் மாடிப் படிக்கட்டு, முகப்புத் தூண் வரிசை, வெள்ளைச் சுவர் உள்ள காலி அறை என்று ஏதாவது ஒன்றை மாற்று இடமாகப் போட்டோகிராபர் முன்பே பார்த்துவைக்க வேண்டும். டைனிங் ஹால் மட்டும் வேண்டாம். சாம்பார் வாசனையும் ட்யூப் லைட்டும் படத்தைத் தின்றுவிடும்.

கடைசியாக, நேரம் தவறினால் எதை வெட்டுவது என்பதை யார் சொல்வது? முடிவு யாரிடமும் இல்லை என்றால் போட்டோகிராபர் “இன்னும் அஞ்சே நிமிஷம்” என்பார், வாத்தியார் மேடையிலிருந்து மைக்கில் பெண்ணைக் கூப்பிடுவார், நாத்தனார் கதவைத் தட்டுவார். மணமக்களைத் தவிர ஒரே ஒரு ஆளிடம், பெண்ணின் தாய்மாமனோ மாப்பிள்ளையின் அண்ணனோ, அந்த அதிகாரத்தைக் கொடுங்கள். விதி ஒன்றே: மணவறைக்குக் கூப்பிடும் நேரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போதும் பெண் தயாராகவில்லை என்றால் முன்கூட்டிய பார்வை ரத்து. அந்த ஆள் போட்டோகிராபருக்கும் மாப்பிள்ளைக்கும் உடனே சொல்லிவிட வேண்டும். மொட்டை மாடியில் திரும்பி நின்றபடி யாரையும் காக்கவைக்கக் கூடாது. ரத்தானால், பெண்ணைப் பக்கவாட்டுக் கதவு வழியாக இல்லாமல் முகப்பு வாசல் வழியாக அழைத்து வரச் சொல்லி மேளக்காரருக்கும் மிக்சர் ஆளுக்கும் அவரே தகவல் கொடுக்க வேண்டும்.